போதுமான திறன்

பள்ளிக்கூடத்துச் சாய்தளத்தில் பாதி தூரம் ஏறிய மோட்டார் சக்கர நாற்காலி, கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு வந்த வழியே பின்னால் இறங்கத் தொடங்கியது. அதில் உட்கார்ந்திருந்த சரித்திர டீச்சர் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். எல்லாம் நலம் என்பதுபோல் கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கீழே வரிசையாகப் பூந்தொட்டிகள். அவற்றில் ஒன்றை உடைத்துவிட்டுத்தான் நாற்காலி நின்றது. டீச்சருக்கு முழங்கையில் சிராய்ப்பு. காலைக் கூட்டத்துக்காக வரிசையில் நின்ற மொத்தப் பள்ளிக்கூடமும் அதைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று டீச்சர் அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னார்.

முதுகுத்தண்டில் வந்த நோயால் அவருடைய கால்கள் ஓய்ந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை சாதாரணச் சக்கர நாற்காலியில்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார். வகுப்பு மாடியில். லிஃப்ட் கிடையாது, நீளமான சாய்தளம் ஒன்றுதான் வழி. பள்ளி உதவியாளர் தள்ளிக்கொண்டு போய் மேலே விடுவார். ஆனால் உதவியாளருக்கு டீ குடிக்கும் நேரம், போன் பேசும் நேரம், சும்மா இருக்கும் நேரம் என்று பல நேரங்கள் உண்டு. அவர் வரும்வரை டீச்சர் கீழே காத்திருக்க, மேலே வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருக்கும். அடுத்தவர் கைக்காகக் காத்திருப்பது டீச்சருக்கு நோயைவிடப் பெரிய நோயாக இருந்தது. அதனால்தான் மோட்டார் நாற்காலி.

அதைப் போய் வாங்கி வந்தவர் அவருடைய தம்பி. தெருமுனையில் பேக்கரி வைத்திருப்பவர். மாவையும் அடுப்பையும் தவிர உலகத்தில் எதைப் பற்றியும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தாராளமாக ஒப்புக்கொள்ளும் மனிதர். அக்காவுக்கு மட்டும் பயப்படுவார். ரசீது அவர் பெயரில்தான் இருந்தது.

தலைமையாசிரியை நல்லவர்தான், பயந்த சுபாவம். உடைந்த தொட்டியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவருக்குப் படபடப்பு. எவ்வளவு எடையை எவ்வளவு சரிவில் இந்த நாற்காலி ஏற்றும் என்று கம்பெனி சொல்லட்டும், நம்முடைய சாய்தளத்துக்கு அது போதும் என்றால் நீங்கள் தாராளமாக மேலே போகலாம், அதுவரை கீழே சாக்பீஸ், டஸ்டர் வைத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓய்வு எடுத்த மாதிரியும் இருக்கும் என்றார். டீச்சரின் வகுப்பு விளையாட்டு ஆசிரியர் கைக்குப் போனது. அவர் பேரரசர்களை அகர வரிசையில் நடத்த ஆரம்பித்தார். சாக்பீஸ் அறை சரியாக அந்த வகுப்புக்குக் கீழே இருந்ததால், ஒவ்வொரு தப்பும் டீச்சருக்கு இறங்கி வந்து கேட்டது. யாரோ ஒரு அரசன் தன் தாத்தாவுக்கு முன்னால் பிறந்துவிட்ட அன்று, அவர் ஒட்டடைக் கம்பை எடுத்துத் தலைக்கு மேலிருந்த தளத்தில் ஓங்கித் தட்டினார். மேலே பாடம் நின்றது. பிறகு விளையாட்டு ஆசிரியர் எலி என்று சொல்லிவிட்டு அடுத்த அரசனுக்குப் போனார்.

தலைமையாசிரியை கேட்டது நியாயம்தான் என்று பேக்கரிக்காரர் நினைத்தார். இதில் என்ன இருக்கிறது? அவர் விற்கும் ஒவ்வொரு பன் உறையிலும் மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அச்சடித்திருந்தது. ஒருமுறை உப்பு விட்டுப்போனதற்கு ஆய்வாளர் வந்து, வாங்குபவனின் உயிர் உன் உறையில் இருக்கிறது என்று அரைமணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டு, இரண்டு பன் சாப்பிட்டுவிட்டுப் போனார். பன்னுக்கே இப்படி என்றால் நாற்காலிக்கு எவ்வளவு எழுதியிருப்பார்கள்.

கையேடு வழவழ காகிதத்தில் கனமாக இருந்தது. நாற்காலியின் நிறத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது. அது சாம்பல் நிறம் இல்லையாம். 'விடியலுக்கு முந்தைய வானம்.' மோட்டார் என்ற தலைப்புக்குக் கீழே 'போதுமான திறன்' என்று இருந்தது. பேட்டரி: 'நீண்ட நேரம்.' தாங்கும் எடை: 'சராசரி மனிதர்.' ஏறக்கூடிய சரிவு: 'இயல்பான சரிவு.'

டீச்சர் அதை வாங்கிப் படித்தார். பரீட்சைத் தாள் திருத்தும்போது பார்க்கிற பார்வை.

"சராசரி மனிதர்னா யாருடா? நீயா, நானா?"

பேக்கரிக்காரர் கையேட்டின் பின்னட்டையில் எண்ணைத் தேடினார். கம்பெனிக்குப் போன் செய்தார்.

எடுத்த பெண்ணின் குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது. இந்த மோட்டார் எவ்வளவு எடையை இழுக்கும் என்று கேட்டார். கேட்டதற்கு அந்தப் பெண் நன்றி சொன்னாள். எவ்வளவு இழுக்கும் என்று மறுபடி கேட்டார். மறுபடி கேட்டதற்கும் நன்றி சொன்னாள். பிறகு, தாங்கள் மோட்டார் விற்பதில்லை, சுதந்திரம் விற்கிறோம் என்று விளக்கினாள். அந்தச் சுதந்திரம் எவ்வளவு சரிவு ஏறும் என்று பேக்கரிக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். அவரைக் காத்திருப்பில் போட்டார்கள். வீணை இசை வந்தது. அடுப்பில் இருந்த ரொட்டி கருகும்வரை வந்துகொண்டிருந்தது.

அடுத்து ஷோரூம். மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், விவரம் மட்டும் கொடுக்கவில்லை. விவரமெல்லாம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் வெளியே சொன்னால் ஜனங்கள் ஒரு கம்பெனி நாற்காலியை இன்னொரு கம்பெனி நாற்காலியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்றார். வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதானே என்றார் பேக்கரிக்காரர்.

"அதான் சார் பிரச்சினையே," என்றார் மேலாளர் வருத்தத்துடன்.

கடைசியில் அவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். வாங்குபவர், உபயோகிப்பவர் என்று கம்பெனி சட்டத்தில் இரண்டு பேர் உண்டு. ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாங்குபவர். வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தால் வாங்குபவருக்கு மட்டும் சில விவரங்களைக் காதோடு சொல்லலாம். உபயோகிப்பவருக்கு அது எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது. தெரிந்தால் வாங்கியவர் மேல் கம்பெனி வழக்குப் போடும். பேக்கரிக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து யோசித்தார். அக்கா நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால், ஒரு டீ ஆறுவதற்குள் தன் வாயிலிருந்து எல்லாம் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். நாற்காலி வாங்கப்போய் ஜெயிலில் உட்கார வேண்டியிருக்கும். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

திறந்து பார்த்துவிடலாம் என்று தெரு சைக்கிள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் மோட்டார் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன் திருகுகளின் தலை நட்சத்திரமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. அவரிடம் இருந்த எந்த ஸ்க்ரூ டிரைவரும் உள்ளே போகவில்லை. மேலே ஒரு சிவப்புச் சீட்டு: திறந்தால் உத்தரவாதம் ரத்து. இது திறந்து மூடுவதற்குச் செய்த மூடி இல்லை, மூடுவதற்கு மட்டும் செய்த மூடி என்று சொல்லிவிட்டு மெக்கானிக் ஒரு பன் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படித்தான் பேக்கரிக்காரர் வாங்குவோர் அறியும் உரிமை வாரியத்துக்கு வந்து சேர்ந்தார்.

கருவி தயாரிப்பவர்கள் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை வாங்குபவர்களுக்கு முழுசாகச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வதற்காகவே அமைக்கப்பட்டது அந்த வாரியம். கேள்வி முக்கியமானது என்பதால் அதை அவசரப்பட்டுக் கெடுத்துவிடக்கூடாது என்று பல வருடங்களாக ஜாக்கிரதையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உறுப்பினர்கள் வெளிநாடு போய், அங்கெல்லாம் எப்படி மறைக்கிறார்கள் என்று பார்த்து வந்திருந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் 'தெரிந்துகொள்வது உங்கள் உரிமை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே 'இங்கே விசாரிக்காதீர்கள்' என்று சின்ன எழுத்தில் இருந்தது.

மனுக்களை வாங்கும் எழுத்தர் பேக்கரிக்காரரின் தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மோட்டார் திறனை மறைக்கிறார்கள் என்று மொட்டையாக எழுதினால் எப்படி, எவ்வளவு திறனை மறைத்தார்கள் என்று குறிப்பிட வேண்டாமா என்றார்.

"அது தெரியாமத்தானே சார் வந்திருக்கேன்."

"தெரியாத ஒண்ணைப் பத்தி எப்படி சார் புகார் குடுக்க முடியும்? நாளைக்கு அவங்க எதையுமே மறைக்கலைன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தானே அசிங்கம்?"

பேக்கரிக்காரர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, 'போதுமான திறன் மறைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். எழுத்தர் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவான மனுவைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

விசாரணைக்கு அக்கா, தம்பி இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வாரியத்தின் கூட்ட அறை மாடியில். லிஃப்டில் ஏதோ ஒரு பாகம் போய்விட்டிருந்தது. என்ன பாகம் என்று லிஃப்ட் கம்பெனி சொல்ல மறுத்துவிட்டதால் அது பல மாதங்களாக நின்றபடியே இருந்தது. ஆகவே சாய்தளம். ஏறுவதற்கு முன்னால், அது எவ்வளவு சரிவு என்று பேக்கரிக்காரர் காவலாளியிடம் கேட்டார். கட்டடத்தின் அளவுகளை வெளியாட்களிடம் சொல்வதற்கில்லை, பாதுகாப்புக் காரணம் என்றார் காவலாளி. அவர் அந்தச் சாய்தளத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைக் கிளப்பினார். எதிர்பார்த்த இடத்தில் அது நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த தம்பி இரண்டு கைகளையும் முதுகுச் சட்டத்தில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் விட முடியவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். வாரியத் தலைவர் கோட்டு அணிந்திருந்தார். அவருக்கு மதியம் ஒரு விருது விழா இருந்தது. வெளிப்படைத்தன்மைக்கான விருது, அவருக்குத்தான் கொடுக்கிறார்கள். மனுதாரர் வளாகத்துக்குள் வந்துவிட்டால் விசாரணை தொடங்கியதாகக் கொள்ளலாம் என்று விதியில் இருப்பதால், இங்கேயே முடித்துவிடலாம் என்றார். நாற்காலிகள் மேலிருந்து வந்தன. சாய்தளத்தில் அவை சரியாக நிற்காததால் தலைவரும், வாரியத்தின் நிபுணரும், கம்பெனிப் பிரதிநிதியும் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்தபடி உட்கார்ந்தார்கள். பார்ப்பதற்கு ரொம்ப அக்கறையாகக் கேட்பவர்கள் போலிருந்தது.

யாராவது ஒருத்தர் வந்து ஒரு கை பிடித்தால் நன்றாக இருக்கும் என்று பேக்கரிக்காரர் மெதுவாகச் சொன்னார். எழுத்தர் ஒரு அடி முன்னால் வந்தார். தலைவர் தடுத்தார். நாற்காலி இப்போது வழக்கின் சான்று. வாரியத்தைச் சேர்ந்தவர்கள் சான்றைத் தொடக்கூடாது என்றார். எழுத்தர் பின்னால் போய்விட்டார்.

முதலில் தலைவர் பேசினார். இந்த வாரியத்தில் ஒளிவுமறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். "நாங்க என்ன செய்யறோம்ங்கறதை வேணும்னா சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா ஏதோ செஞ்சுக்கிட்டிருக்கோம்ங்கறதை ஒருநாளும் மறைச்சதில்லை."

கம்பெனிப் பிரதிநிதி எழுந்து, நாற்காலி பின்னால் உருளுகிறது என்ற புகார் மனதை மிகவும் புண்படுத்துவதாகச் சொன்னார். அது இப்போது உருளுகிறதா, நீங்களே பாருங்கள் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நாற்காலி அசையாமல் நின்றது. அதன் பின்னால் பேக்கரிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சரிவில் நாற்காலி நிலையாக நிற்பதை வாரியம் நேரில் கண்டது என்று தலைவர் குறித்துக்கொள்ளச் சொன்னார். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கிட்டிருக்கேன் சார்," என்றார் பேக்கரிக்காரர்.

அது மனுவில் இல்லை என்றார் தலைவர்.

அடுத்து நிபுணர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முறுக்குவிசை என்றால் என்ன என்று பேக்கரிக்காரரிடம் கேட்டார். தெரியாது என்றார் அவர். பொருள் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று நிபுணர் புன்னகைத்தார். டீச்சர், பள்ளியில் பக்கத்து வகுப்புப் பிசிக்ஸ் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இரண்டு வரியில் சொன்னார். ஏற்கெனவே இவ்வளவு தெரிந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று நிபுணர் அதற்கும் புன்னகைத்தார். பிறகு தன் ஆராய்ச்சியைச் சொன்னார்.

"ரெண்டு குழுவா பிரிச்சோம். ஒரு குழுவுக்கு நாற்காலியோட விவரமெல்லாம் சொன்னோம். அவங்க உடனே கேள்வி கேட்க ஆரம்பிச்சுட்டாங்க, முகத்துல சிரிப்பே இல்ல. இன்னொரு குழுவுக்கு எதுவுமே சொல்லல. அவங்க கடைசிவரைக்கும் சந்தோஷமா இருந்தாங்க. சில பேர் விழுந்தாங்க. ஆனா சந்தோஷமாத்தான் விழுந்தாங்க."

அந்த ஆராய்ச்சிக்குச் செலவு செய்தது யார் என்று டீச்சர் கேட்டார். கம்பெனிதான், அதில் மறைக்க எதுவும் இல்லை என்றார் நிபுணர். முடிவை எழுதியது முழுக்க அவரேதான். கம்பெனி பிழை திருத்தம் மட்டும்தான் செய்தது, 'ஆபத்து' என்ற எழுத்துப்பிழையைப் பல இடங்களில் 'அனுபவம்' என்று திருத்திக் கொடுத்தார்கள் என்றார்.

பேக்கரிக்காரரின் செருப்பு சரிவில் வழுக்கத் தொடங்கியிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தபோது வார்த்தை ஒழுங்காக வரவில்லை. நான் விற்கிற பன்னில் உப்பு எவ்வளவு என்று எழுதாவிட்டால் கடையை மூடச் சொல்கிறீர்கள், என் அக்கா தன் உடம்பையே நம்பி ஒப்படைக்கிற சாமானில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறீர்கள், இது என்ன நியாயம் என்று திக்கித் திக்கிக் கேட்டார்.

"பன் சாப்பிடற பொருள் சார்," என்றார் நிபுணர் பொறுமையாக. "நாற்காலியை யாரும் சாப்பிடப் போறதில்லையே."

கம்பெனிப் பிரதிநிதி இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, உருக்கமாகப் பேசினார். இவ்வளவுதான் ஏறும் என்று சொல்லிவிட்டால் மனிதன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான், சொல்லாமல் விட்டால் அவன் கனவுக்கு எல்லையே இல்லை, எங்கள் கம்பெனி யாருடைய கனவுக்கும் எல்லை போட விரும்பவில்லை என்றார். தலைவர் தலையை ஆட்டினார். பிரதிநிதி அதோடு விட்டிருக்கலாம். உற்சாகத்தில் டீச்சர் பக்கம் திரும்பி, நாற்காலி நிற்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், உபயோகிப்பவர் தன்னைப் பற்றிய எல்லா விவரங்களையும் ஒளிக்காமல் வாரியத்தின் முன் வைத்தால்தான் உண்மை தெரியும் என்றார். எடை என்ன, நோய் என்ன, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை, உட்காரும்போது எந்தப் பக்கம் சாய்வார் என்று அடுக்கினார். தலைவரும் அது நியாயமான கேள்விதான் என்றார்.

சாய்தளத்துக்குக் கீழே வேறு மனுக்களுக்காக வந்தவர்கள் கூடி நின்றுகொண்டிருந்தார்கள். காவலாளி நின்றார். டீ கொண்டுவந்தவரும் தட்டோடு நின்றார். பேக்கரிக்காரருக்கு அக்காவின் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. காது மடல் சிவந்திருந்தது.

"எழுபத்தி எட்டு கிலோ," என்றார் டீச்சர். வகுப்பில் பாடம் நடத்தும் குரல், கடைசி பெஞ்சுவரை போகும். நோயின் பெயரைச் சொன்னார். ஆபரேஷன் நடந்ததையும் அது பலிக்காமல் போனதையும் சொன்னார். மாத்திரைகளைச் சொன்னார். இடுப்புக்குக் கீழே எந்த இடத்திலிருந்து உணர்ச்சி இல்லை என்பதைச் சொன்னார். வலதுபக்கம் சாய்ந்து உட்காருவேன், இடதுபக்கத்தில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது என்றார். டீக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப உங்க மோட்டாரைப் பத்திச் சொல்லுங்க."

 பிரதிநிதி தொண்டையைச் செருமினார்.

"போதுமான திறன், மேடம்," என்றார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். பல வருடக் கேள்விக்கு இன்று விடை கிடைத்துவிட்டது என்று தொடங்கினார். வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதில் சந்தேகமே இல்லை. ஆகவே இனிமேல் எல்லாக் கம்பெனிகளும் தங்கள் கருவிகளின் முழு விவரங்களையும், ஒன்றுவிடாமல், வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாங்குவோரின் சார்பில் வாரியம் அவற்றைத் தெரிந்துகொள்ளும். யாரும் எடுத்துவிடாதபடி பத்திரமாகவும் வைத்திருக்கும்.

கம்பெனிப் பிரதிநிதி தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வதாகச் சொல்லித் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைதட்டல் எழுந்தது. எழுத்தர் பேக்கரிக்காரரிடம் வந்து, ஜெயித்துவிட்டீர்கள் என்று காதில் சொன்னார். விசாரணை முடிந்து நாற்காலி சான்று என்ற அந்தஸ்தை இழந்ததால், காவலாளியும் டீக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைக் கீழே இறக்கினார்கள். பேக்கரிக்காரரின் விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. அன்றைக்கு அவரால் மாவு பிசைய முடியவில்லை. டீச்சர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவர் சாப்பிடவும் வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது உள்ளேயிருந்து, நாளைக்கு டீக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது என்று மட்டும் சொன்னார். அந்த டீக்காரரை அவர்கள் இனிமேல் பார்க்கப்போவதில்லை என்று தம்பி சொல்ல நினைத்தார்; தட்டை மூடி வைத்தார்.

கம்பெனி விவரங்களை ஒப்படைத்துவிட்டது என்று தெரிந்ததும் பேக்கரிக்காரர் வாரியத்துக்குப் போய், அக்காவின் நாற்காலியைப் பற்றிய பக்கத்தை மட்டும் பார்க்க முடியுமா என்று கேட்டார். எழுத்தர் அவரைப் பாசமாக உட்கார வைத்தார். அதெல்லாம் இப்போது வாரியத்தின் ஆவணம் ஆகிவிட்டது, முன்பு கம்பெனி ரகசியமாக இருந்தபோது கெஞ்சிக் கேட்டாலாவது ஏதாவது கசிந்திருக்கும், இப்போது சட்டப்படி ரகசியம் என்றார். தலைவரே பார்ப்பதில்லையாம். பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நாற்காலியில் ஒட்டிக்கொள்ள ஒரு பளபளக்கும் சீட்டு கொடுத்தார்கள். 'முழு விவரமும் வெளியிடப்பட்டது' என்று அதில் இருந்தது. யாருக்கு என்று இல்லை.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் தலைமையாசிரியையின் படபடப்பு அடங்கிவிட்டது. இதைத்தானே அப்போதே கேட்டேன் என்றார். உடனே டீச்சருக்கு வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார். விளையாட்டு ஆசிரியர் பேரரசர்களில் பாதிகூட முடிக்காத துக்கத்தோடு மைதானத்துக்குத் திரும்பினார்.

நாற்காலிக்குச் சீட்டைப் பற்றித் தெரியாது. அது பழைய இடத்திலேயே நின்றது. இப்போது குறை நாற்காலியில் இருக்க வழியில்லை என்பதால், சாய்தளத்தில் இருக்கலாம் அல்லது டீச்சரிடம் இருக்கலாம் என்று பள்ளி நிர்வாகம் கருதியது. உதவியாளரைக் கூப்பிட்டால், மோட்டார் நாற்காலியைத் தள்ளுவது தன் வேலையில் சேராது என்று அவர் சொல்லிவிட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பழைய சாதாரண நாற்காலியைப் புதிது வாங்கும்போது கம்பெனியே எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அதனால் முதல் மணிக்கு முன்னால் பேக்கரிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார். அக்காவைத் தள்ளிக்கொண்டு மேலே விட்டுவிட்டுப் போய், பள்ளி விடும்போது மறுபடி வந்து இறக்குகிறார். பழைய நாற்காலியைத் தள்ளுவது ஒரு வேலையே இல்லை. இதில் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து கல்லாய்க் கனக்கின்றன. அந்த மோட்டாரைப் பற்றி அவருக்குக் கிடைத்த ஒரே விவரம் அதன் எடைதான்; அதையும் அவருடைய தோள்பட்டைதான் கண்டுபிடித்தது. காலையில் வரும் வாடிக்கைக்காரர்கள் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அக்காவுக்கு அது தெரியும். சாய்தளத்தில் ஏறும்போது அவர் தம்பியோடு பேசுவதில்லை. மடியில் புத்தகத்தை விரித்து, வாசிப்பதுபோல் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் வாரியத்திலிருந்து புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். ஆண்டு மலருக்காக, தீர்ப்பால் பயனடைந்தவரைப் படம் எடுக்க வேண்டுமாம். டீச்சர் சாய்தளத்தின் நடுவில் இருந்தார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது, அப்படியே இருங்கள் என்ற புகைப்படக்காரர், பின்னால் நிற்பவரைக் கொஞ்சம் விலகச் சொன்னார்.

"அவன் விலகினா நான் பின்னாடி போயிடுவேன்," என்றார் டீச்சர்.

புகைப்படக்காரர் யோசித்தார். விலக வேண்டாம், குனிந்துகொண்டால் போதும் என்றார். பேக்கரிக்காரர் குனிந்து, நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் தோளைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். இன்னும் கொஞ்சம் என்றார் புகைப்படக்காரர். தலை தெரிகிறதாம். அவர் இன்னும் குனிந்தார். மேடம், கொஞ்சம் சிரிக்க முடியுமா என்று கேட்டார் புகைப்படக்காரர்.

டீச்சர் சிரிக்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி, தம்பியின் தலை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். மாவு ஒட்டிய முடி கையில் பட்டது.

"டேய், எந்திரிச்சு நில்லு," என்றார். "நின்னு தள்ளு. மணி அடிக்கப் போறான்."

படம் வரவில்லை. ஆண்டு மலரில் அந்தப் பக்கத்தில் தலைவர் விருது வாங்கும் படத்தைப் போட்டுக்கொண்டார்கள்.